மூன்றாவது கேமரா

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் முகூர்த்தம் கிடையாது. ஸ்டுடியோவை ஒழுங்குபடுத்தலாம் என்று காலையில்தான் நினைத்தேன். மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் சர்வர் செத்துப்போனது. நல்ல ஆரம்பம்.

சர்வர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் ஏதோ கம்பெனி கழித்துப் போட்ட பெட்டி. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். நான்கையும் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது ஒரு கார்டு. ரெய்டு கார்டு என்பார்கள். ஒரே கல்யாணம் துண்டு துண்டாக நான்கு டிஸ்க்கிலும் போய் உட்கார்ந்திருக்கும். எந்தத் துண்டு எங்கே என்று அந்தக் கார்டுக்குத்தான் தெரியும். டிஸ்க் ஒன்று போனால் மற்ற மூன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கார்டே போனால் என்ன செய்வது என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை, விற்றவனும் சொல்லவில்லை.

ஆறு வருடக் கல்யாணங்கள் அதில் கிடக்கின்றன. எடிட் செய்து கொடுத்ததெல்லாம் அவரவர் வீட்டில் இருக்கிறது. இங்கே இருப்பது வெட்டாத முழுப் படம். யார் கேட்கப்போகிறார்கள், போனால் போகிறது என்று சாந்தாமணியிடம் சொன்னேன்.

"அப்பறம் ஏனுங் மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள். பெண்டாட்டியாகவும் இருந்து, அதே கடையில் ஆல்பம் வேலையும் பார்த்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது.

ஜூலை 18, வியாழன்

ஷோகேஸ் கண்ணாடி துடைத்தேன். வேறு வேலையில்லை.

ஜூலை 20, சனி

அவிநாசியப்பன் வந்தார். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வருவதற்கு முன்னால் எப்போதும்போல ஷோகேஸ் முன்னால் நின்றார். அங்கே அவர் மகள் மோகனப்பிரியாவின் படம் இருக்கிறது. ரிசப்ஷன் மேடையில் சிரிக்கிற படம். இரண்டு வருடமாக அதுதான் எங்கள் கடைக்கு முகம். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து ஆர்டர் கொடுத்தவர்கள் நிறைய.

அந்தப் பெண் போன ஆகஸ்டில் மாமனார் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தண்ணீர் மோட்டார் போடப் போனவள் கால் தவறி விழுந்தாள் என்றார்கள். படத்தைக் கழற்றிவிடலாம் என்று நான் எடுக்கப்போனபோது, இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவிநாசியப்பன்தான்.

"பதினாலாந்தேதி அம்மிணிக்கு வருசமுங் தம்பி. நீங்க குடுத்த வீடியோவ எத்தன தடவ பாத்தன்னு எனக்கே தெரியாது. எந்த எடத்துல கண்ணச் சிமிட்டுவா, எப்ப முந்தானைய இழுத்து உட்டுக்குவான்னு எல்லாம் மனப்பாடமுங். புதுசா ஒண்ணும் இல்லீங் அதுல."

"சொல்லுங்ணா."

"நீங்க வெட்டிப் போட்டது இருக்குமில்லீங்? அதுலயும் எம்புள்ள இருப்பாள்லங்?"

மிஷின் போய்விட்டது என்று சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "மூணாவது கேமராவுல ஒண்ணும் இருக்காதுங்ணா, அது ஆளில்லாத கேமரா" என்றும் சொல்லிவைத்தேன். அவர் எந்தக் கேமராவைப் பற்றியும் கேட்கவில்லை. அது ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

பார்க்கலாம் என்று அனுப்பினேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

பெட்டியைத் திறந்தேன். கார்டின் மேல் ஒட்டியிருந்த சின்ன பேட்டரி பணியாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. கருகின வாடை. டிஸ்க்குகள் தப்பித்திருக்கும் போலிருக்கிறது. அதே இனத்துக் கார்டு இன்னொன்று கிடைத்தால் நான் எடிட் செய்யும் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, நான்கு டிஸ்க்கையும் அதில் கோத்து எடுத்துவிடலாம். புதிது இப்போது வருவதில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் கேட்கச் சொன்னார்கள்.

கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 24, புதன்

கிடைத்துவிட்டது.

உக்கடத்தில் சலாவுதீன் பாய் கடை. பழைய சர்வர்களைப் பிரித்து விற்கிறவர். இரண்டு பெட்டி கொட்டிக் கிளறி, அதே நம்பர் கார்டை எடுத்து மேஜையில் போட்டார். எந்தக் கம்பெனியின் சம்பளக் கணக்கைச் சுமந்துகொண்டிருந்ததோ, இனி கல்யாணப் படம் சுமக்கட்டும்.

"சாதா கம்ப்யூட்டர்ல மாட்றீங்களா? அப்ப மூணு விசயம் கேட்டுக்குங்க" என்றார். "சில்லு இருக்கற பக்கத்துல, ஓரத்துப் பல்லுல அஞ்சாவதும் ஆறாவதும் டேப் ஒட்டி மறைச்சிருங்க. இல்லைன்னா கம்ப்யூட்டர் கண்ணே தொறக்காது. ரெண்டாவது, இது சர்வர்ல பெரிய காத்துல இருந்து பழகினது. ஒரு ஃபேன் வைக்கலேன்னா தோசைக்கல்லு மாதிரி காயும். மூணாவதுதான் முக்கியம்."

மூன்றாவதை ஒரு துண்டுத் தாளில் எழுதியே கொடுத்தார். டிஸ்க்குகளைப் பார்த்ததும் கார்டு ஒரு கேள்வி கேட்கும். இதில் வேறொரு கார்டு எழுதி வைத்த அமைப்பு இருக்கிறதே, என்ன செய்யட்டும் என்று. எஃப் அழுத்தினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சி அழுத்தினால் மெனுவுக்குள் போகும், அங்கே அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

"துடைச்சீங்கன்னா அவ்வளவுதான். நிறையப் பேரு பதட்டத்துல அதைப் பண்ணிட்டு எங்கிட்ட வந்து அழுவாங்க. உங்களோடது என்ன, ஆபீஸ் டேட்டாவா?"

"கல்யாண வீடியோங்க பாய்."

"அப்ப சந்தோசமான வேலைதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 26, வெள்ளி

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். என் கம்ப்யூட்டரில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் ஒன்றுதான் உண்டு. அதில் இருந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, திரையை மதர்போர்டிலேயே மாட்டிவிட்டு ரெய்டு கார்டை அழுத்தி உட்காரவைத்தேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் இருட்டு. டேப் விஷயத்தை பாய் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து விட்டிருந்தேன். எனக்கு எதையும் ஒருமுறை சொன்னால் ஏறாது.

சாந்தாமணி ஆல்பத்துக்கு ஒட்டுகிற மெல்லிய டேப்பில் நகவெட்டியால் ஒரு கீற்று நறுக்கி, பல்லை எண்ணி ஒட்டித் தந்தாள். இரண்டு பல்லையும் மறைத்ததும் திரை வந்துவிட்டது. பிறகு டிஸ்க் நான்கையும் கோத்து, மேஜை ஃபேனைத் திறந்த பெட்டிக்கு நேராக வைத்தேன்.

கேள்வி வந்தது. பாய் எழுதிக் கொடுத்தபடியே ஆங்கிலத்தில் மூன்று வரி. எஃப் என்றால் ஏற்பது, சி என்றால் மெனு.

யுபிஎஸ் சரியில்லை என்று தோன்றியது. காற்றும் பலமாக இருந்தது, கரண்ட் போனாலும் போகும். எதையும் அழுத்தாமல் அணைத்துவிட்டேன். சாந்தாமணி டேப்பை எடுத்துக்கொண்டு ஆல்பம் டேபிளுக்குப் போனாள்.

ஜூலை 27, சனி

செல்லமுத்து போன் செய்தார். மோகனப்பிரியாவின் மாமனார். ஊரில் பெரிய மண்டபம் அவருடையதுதான். எனக்கு வரும் கல்யாணங்களில் பாதி அவர் வாய்ச்சொல்லால் வருகிறது.

"ஏப்பா மயில்சாமி, எங்க சம்பந்தி வருசத்துக்குக் கூப்பட வந்தாரு. அந்தக் கல்யாணத்துப் படமெல்லாம் பூராவும் எடுத்துத் தர்றீன்னு சந்தோசமாச் சொல்லிட்டுப் போனாரு."

"மிஷின் ரிப்பேருங்க. வருதோ இல்லையோ."

"அதத்தா நானும் சொல்றன். பாவம், அந்த மனுசன் அதப் பாத்துப் பாத்து ஒடம்பக் கெடுத்துக்குவாரு. நவநீதனுக்கும் இப்பத்தா வேற எடத்துல பேசிட்டிருக்கறம். பழசெல்லாம் எதுக்கு. ஆவணில நம்ம மண்டபத்துல பதினோரு முகூர்த்தம் இருக்குது. உன்னையத்தா சொல்லி வெச்சிருக்கறன்."

நவநீதன் அவர் மகன். மாப்பிள்ளை. வருசம் முடிவதற்குள் வேறு இடத்தில் பேச்சு.

அவர் மிரட்டவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

ஜூலை 29, திங்கள்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குச் சில சட்டங்கள் உண்டு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தொழிலே பழக்கிவிட்டது. தாரை வார்க்கும்போது பெண்ணும் பெற்றவர்களும் அழுவது இருக்கலாம், அதற்கு ஒரு வயலின் போடுவோம். மற்ற அழுகை எல்லாம் வெட்டு. பந்தியில் சண்டை, வெட்டு. சீர் கொண்டுவந்ததில் குறை சொல்லி யாராவது முகத்தைத் தூக்கினால், வெட்டு. மாப்பிள்ளை கொட்டாவி விட்டால்கூட வெட்டு. மிச்சம் இருப்பது மூன்று மணி நேரச் சிரிப்பு. அதைத்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். நான் கொடுக்கிறேன். இதில் என் தவறு என்ன இருக்கிறது?

அந்த ரிசப்ஷனில் மேடைக்கு இடப்பக்கம் ஸ்டாண்டில் மூன்றாவது கேமரா. நாங்கள் சாப்பிடப் போகும்போது அதை ஓடவிட்டுப் போவோம், யாராவது முக்கியமானவர்கள் மேடையேறிவிட்டால் தப்பிவிடக் கூடாது என்று. பெரும்பாலும் அதில் காலி நாற்காலிதான் இருக்கும்.

பெரும்பாலும்.

ஜூலை 31, புதன்

அவிநாசியப்பனுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். "எல்லாம் போச்சுங்ணா. எடுக்க முடியல."

திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லீங் தம்பி. நீங்க எனக்கோசரம் கோயமுத்தூர் வரைக்கும் அலஞ்சீங்க. இருக்கற வீடியோவே போதுமுங். அதுதா அன்னிக்கும் கை குடுத்துச்சு."

என்றைக்கு என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அம்மிணி போனப்ப வெசாரணைக்கு வந்தாங்கல்லங். கல்யாணமாயி ஏழு வருசத்துக்குள்ள செத்தா விசாரிப்பாங்களாமா. உங்க புள்ளைக்கு அங்க ஏதாச்சும் கஷ்டமான்னு அந்த ஆபீசர் கேட்டாரு. எங்கிட்ட அவ ஒரு வார்த்த சொன்னதில்லீங். நான் என் போன்ல உங்க வீடியோவத்தா போட்டுக் காட்டினன். மேடைல எப்படிச் சிரிக்கறா பாருங்கய்யா, மனசுல கஷ்டம் இருக்கற புள்ள இப்படியா சிரிக்கும்னு. அவரும் பாத்தாரு. எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தன். எம்புள்ள பேர்ல ஒரு பழிச்சொல் வராமப் போச்சுங், உங்க புண்ணியத்துல."

போனை வைத்தபிறகு வெகு நேரம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சாந்தாமணி இன்று ஆல்பம் டேபிளில் எதையோ ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஷோகேஸ்ல இருக்கற படத்த நாந்தா டச்சப் பண்ணினன். எடது கன்னத்துல செவப்பா இருந்துச்சு. நாலு வெரலு மாதிரி. ஏனுங் இதுன்னு உங்களக் கேட்டன்."

மேஜையில் கிடந்த வயர்களைச் சுருட்டினேன்.

"லைட்டோட நெழலு, எடுத்துருன்னு சொன்னீங்க. நானும் எடுத்துட்டன். இப்ப நேத்து நீங்க போன்ல பேசுனது கேட்டுச்சு. மிஷின்ல எல்லாம் போச்சுன்னீங்க. டேப் ஒட்டிக் குடுத்தவளுக்குத் தெரியாதுங்களா போச்சா இருக்குதான்னு?"

"ஆவணி முகூர்த்தம் பூரா அவரு கைலதான் இருக்குது, சாந்தா."

"ஆமாங்" என்றாள். கத்தரியைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும். அந்தப் புள்ளையோட கன்னத்த நான் தொடச்சு வழிச்சு வெச்சிருக்கறன். அதையும் சேத்துத் தெரியும்."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

ஊரே ஆற்றுக்குப் போயிருந்தது. கடையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே கேள்வி வந்தது.

மறைக்காமல் எழுதுகிறேன். விரல் சி மேல்தான் முதலில் போனது. அழுத்தினேன். மெனு வந்தது. அதில் துடைக்கும் வரி மேலேயே இருந்தது. அதற்கு மேல் ஒரே ஒரு எண்டர். பழைய கார்டு, காலை வாரிவிட்டது என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அவிநாசியப்பனிடம்தான் ஏற்கனவே போய்விட்டது என்று சொல்லியாகிவிட்டதே. பொய்யை உண்மையாக்கிவிட்டால் பொய் சொன்ன பாவமும் இல்லை என்றுகூட ஒரு யோசனை ஓடியது. என் புத்தி எனக்கே அருவருப்பாக இருந்தது.

சாந்தாமணி பக்கத்தில் வந்து மேஜை ஃபேனைப் போட்டாள். "கார்டு காயுதுங்" என்றாள்.

மெனுவிலிருந்து வெளியே வந்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு எஃப் அழுத்தினேன்.

நான்கு டிஸ்க்கில் இரண்டாவது பிடிபடவில்லை, மூன்றை வைத்து ஓடியது. இன்னும் ஒன்று போயிருந்தால் கதை முடிந்தது. மற்றவற்றைத் தொடாமல் அந்த ஒரு கல்யாணத்தை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். கார்டின் மேல் கை வைக்க முடியாத சூடு. இருவரும் மாறி மாறி அட்டையால் விசிறினோம். மூன்றாவது கேமரா கடைசியாக வந்தது. மாலை நான்கு மணிக்கு முடிந்தது.

அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் சாந்தாமணி பார்க்க வேண்டும் என்றாள்.

மேடையில் கூட்டம் இல்லை, எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணோடு படித்தவன் ஒருவன் பரிசு கொடுத்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போகிறான். நவநீதன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். முறுக்குகிறான். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அறைகிறான். சத்தம் மைக்கில் விழுந்திருக்கிறது. செல்லமுத்துவின் மனைவி எழுந்து வந்து, மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன்னால் நின்று மறைத்துக்கொள்கிறார். மருமகளின் நெக்லஸை நேராக்குகிறார். "சிரி. ஆளு வர்றாங்க" என்கிறார்.

அடுத்த வரிசை மேடையேறுகிறது. மோகனப்பிரியா சிரிக்கிறாள். ஷோகேஸில் இருக்கிறதே, அந்தச் சிரிப்பு.

ஆகஸ்ட் 5, திங்கள்

செல்லமுத்து இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, படம் வந்துவிட்டது, அவிநாசியப்பனிடம் கொடுக்கப்போகிறேன் என்றேன். "யோசிச்சுக்க" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். வேகம்தான்.

ஷோகேஸ் படத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் அவிநாசியப்பன் வந்தார். நான்தான் வரச்சொன்னேன். காலியான ஷோகேஸ் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். பையில் ஆரஞ்சுப் பழம், எங்களுக்கு.

முன்பே சொன்னேன். "நல்லதா இல்லீங்ணா. பாக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க." புரிந்ததா என்று தெரியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பார்த்தார். முடிந்ததும், "இன்னொருக்கா போடுங்" என்றார். போட்டேன். இரண்டாவது தடவை அந்த அம்மாள் பேசுகிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"சிரின்னா சொல்றாங்?"

"ஆமாங்ணா."

திரையில் அவள் முகம் நின்றது. வெகு நேரம் பார்த்தார். அழவில்லை. சாந்தாமணிதான் உள்ளே போய் அழுதாள்.

"இத நீங்க எப்பப் பாத்தீங் தம்பி?"

சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளுங்ணா. எடிட் பண்றப்ப."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். ஆனி, ஆடி, ஆவணி என்று உதடு மட்டும் அசைந்தது. மறுபடி முதல் விரலுக்கு வந்து, அங்கிருந்தும் இரண்டு மடக்கினார்.

"பதினாலு மாசம் இருந்தாளேங் தம்பி" என்றார். "வந்து ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் போயிக் கூட்டிட்டு வந்திருப்பன்."

என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நான் நகலெடுத்து வைத்திருந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் அந்த விசாரணை ஆபீசரிடம் போய், தான் போட்ட கையெழுத்தை மாற்ற வேண்டும், எழுதிக்கொடுக்க நானும் வரவேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். ஆரஞ்சுப் பழத்தை மேஜையிலேயே விட்டுப் போனார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்க்க வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டாயிற்று. ரெய்டு கார்டைக் கழற்றி உறையில் போட்டு வைத்தேன், கேட்டால் காட்டவேண்டியிருக்கும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் மோகனப்பிரியா தனியாக இந்தக் கடைக்கு வந்தாள். ஆல்பத்தில் ஒரு பக்கம் பிரிந்துவிட்டது, ஒட்ட வேண்டும் என்றாள். சாந்தாமணி அன்று இல்லை. நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, மேடைக்கு அந்தப் பக்கம் ஒரு கேமரா நின்னுச்சுங்களே. எல்லாரும் சாப்புடப் போனப்ப அதுல ஏதாச்சும் பதிவாச்சுங்களா?"

"மூணாவது கேமராவுல ஒண்ணும் இருக்காதும்மா" என்றேன். "அது ஆளில்லாத கேமரா."

"செரிங்ணா" என்றாள். ஆல்பத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு போய்விட்டாள்.

அந்த ஆபீசில் உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் சொல்லச் சொல்லி எழுதுவார்கள். இதையும் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியில் அவிநாசியப்பன் இருப்பார்.